அவுட்டாகி உட்கார்ந்த பிறகு உங்கள் மகன் எங்கே பார்க்கிறான்?

ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 13 வயது, கபடியில் ரெய்டர் (பாடிப் போகிறவன்). பிறவியிலேயே வேகம் என்று எல்லாரும் புகழ்கிறார்கள். ஆனால் எதிரே ஐந்து பேர் நிற்கும்போதும் கூடுதல் பாயின்ட்டுக்காகப் போனஸ் கோட்டைத் தாண்டப் போய் மாட்டிக்கொள்கிறான், சொன்னால் காதில் வாங்குவதில்லை. ஆட்ட அறிவு போகப்போகத் தானாக வந்துவிடுமா?"

தானாக வராதும்மா. ஆனால் கற்றுக்கொண்டால் சீக்கிரம் வரும். 1987ல் காரென் பிரெஞ்ச், ஜெரி தாமஸ் என்ற ஆய்வாளர்கள் 8 முதல் 12 வயது வரையான கூடைப்பந்துப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். ஒரு சீசன் முடிவதற்குள், எந்த நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்ற தெளிவு, கைத்திறனைவிட வேகமாக வளர்ந்திருந்தது.

உங்கள் பையனுக்கு அது நின்றுபோனதற்கு அந்த 'பிறவி ரெய்டர்' பட்டமே காரணமாக இருக்கலாம். திறமை கூடவே பிறந்தது என்று நம்புகிற பிள்ளைக்குப் பிடிபட்டால் மானம் போனமாதிரி இருக்கும், ஏன் பிடிபட்டோம் என்று யோசிக்கவே கூசும். 1998ல் கிளாடியா முல்லர், கரோல் ட்வெக் நடத்திய சோதனைகளில் (விளையாட்டு இல்லை, புதிர்கள்தான்) 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், ஒருமுறை தோற்றதும், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிடச் சீக்கிரம் துவண்டார்கள்.

அடுத்த மேட்சில் அவன் அவுட்டாகி வெளியே உட்கார்ந்ததும் கவனியுங்கள். சில பிள்ளைகள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தரையையே பார்க்கும். சிலது, முழங்கால் சிராய்ப்பை ஊதிக்கொண்டே, இடது கார்னரில், அதாவது கோடியில் நிற்கிற ஆள் எந்தக் காலை முன்னால் வைக்கிறான், உள்ளே நிற்கிற கவர் ஆள் பக்கத்து ஆளோடு கைகோர்த்துச் செயின் போட எப்போது கை நீட்டுகிறான் என்று கண்ணெடுக்காமல் பார்க்கும். ஆட்ட அறிவு பெரும்பாலும் அந்த ஓரத்தில் உட்கார்ந்துதான் சேர்கிறது, என் அனுபவத்தில் களத்தில் ஆடும்போது சேர்வதைவிட அதிகமாகவே.

சரி, என்ன செய்வது? முதலில் பட்டத்தை விடுங்கள், பக்கத்து வீட்டுப் பையனோடு பாயின்ட் கணக்குப் பார்ப்பதையும் விடுங்கள். பாடிப் போவதற்கு முன் எதிரே எத்தனை பேர் என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள்: ஆறு அல்லது ஏழு என்றால் போனஸ் உண்டு, ஐந்து என்றால் கிடையாது, மூன்று அல்லது அதற்கும் கீழே இறங்கிவிட்ட நேரத்தில் பிடிபட்டால், அது சூப்பர் டேக்கிள், அவர்களுக்கு இரண்டு பாயின்ட் போகும். அப்புறம், வீடு திரும்பும் வழியில் ஒரே கேள்வி: "இன்னைக்கு உன்னைப் பிடிச்சவன் முதல்ல எங்க நின்னான்?" முதல் சில நாள் 'தெரியலை' என்றுதான் சொல்வான். கோபப்படாமல் அடுத்த மேட்ச் முடிந்தும் அதையே கேளுங்கள்.