கடவுளோடு தோழமை: கேள்வி பதில்

கேள்வி: தினமும் ஒரு மணி நேரம் பிரார்த்தனை என்று ஆரம்பித்தேன். ஐந்தாம் நாளே நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் சரி?

பத்து நிமிடம் போதும். ஆனால் நேரமும் இடமும் மாறக் கூடாது. ஒரு மணி நேரம் என்று தொடங்கினால் வழக்கமாக இப்படித்தான் ஆகும்: ஒரு நாள் வேலை குறுக்கே வரும், அடுத்த நாள் குற்ற உணர்ச்சியில் உட்காரவே கூசும், மூன்றாம் நாள் விட்டுப்போகும்.

முதல் இரண்டு நிமிடம் வாய் திறக்காதீர்கள். யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை நினைத்தாலே போதும். அடுத்த ஐந்து நிமிடம் பேசுங்கள். கடைசி மூன்று நிமிடம் மறுபடி மௌனம். பெரும்பாலானோர் கைவிடுவது இந்த மூன்றைத்தான். தன் பேச்சு முடிந்ததும் போனை வைத்துவிடுகிற ஆள் மாதிரி. ஒரு நாள் தவறினால் மறுநாள் இருபது நிமிடம் உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டாம். இது வட்டிக் கடன் இல்லை.

கேள்வி: உட்கார்ந்தாலே வேண்டுதல் பட்டியல்தான் வருகிறது. வேறு என்ன பேசுவது?

பட்டியல் தப்பில்லை, அது மட்டுமே இருந்தால்தான் சிக்கல். வேண்டுதலுக்கு முன் இன்று நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். "அவர் சொன்ன வார்த்தை சுருக்கென்று தைத்தது, பதில் பேசாமல் வந்துவிட்டேன், இன்னும் எரிகிறது" என்கிற மாதிரி. "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று பொத்தாம்பொதுவாக நெருங்கியவரிடம் யாரும் பேசுவதில்லை.

மனம் அலைந்தால், அலைந்து போன விஷயத்தையே பேச்சாக்குங்கள். கட்டாத பில் ஞாபகம் வந்தால் அந்தக் கவலையைச் சொல்லுங்கள். மனத்தோடு மல்லுக்கட்டினால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

கேள்வி: நண்பரிடம் போலக் கோபித்துக்கொள்வது மரியாதைக் குறைவு இல்லையா?

சைவ மரபு இந்த உறவுக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறது: சக மார்க்கம், அதாவது தோழமை நெறி. தொண்டன் நெறிக்கு அப்பரையும் மகன் நெறிக்குச் சம்பந்தரையும் சொல்வது போல இதற்குச் சுந்தரரைச் சொல்வார்கள். 'தம்பிரான் தோழர்' என்பதே அவர் பெயர். ஒரு கண் இன்னும் தெரியாத நிலையில் திருவாரூரில் நின்று "வாழ்ந்து போதீரே" என்று சிவனையே சாடினார். அந்தப் பதிகத்தை யாரும் ஒளித்துவைக்கவில்லை. ஏழாம் திருமுறையில் இருக்கிறது. பைபிளில் 13ஆம் சங்கீதமும் "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்ற முறையீட்டில்தான் ஆரம்பிக்கிறது.

இரண்டிலும் புகார் கடவுளிடமே போகிறது. ஊரெல்லாம் குறை சொல்லிவிட்டு அவரிடம் மட்டும் பேசாமல் இருப்பதுதான் உறவை முறிக்கும்.

இன்னொன்று. சிவனையே தூது அனுப்பும் உரிமை சுந்தரருக்கு இருந்தது. மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதற்குக் கண் போனதும் அவருக்குத்தான். தோழமை என்பது சலுகைச் சீட்டு இல்லை.

கேள்வி: கடவுள் இருக்கிறாரா என்றே எனக்கு உறுதியில்லை. நானும் முயலலாமா?

அந்தச் சந்தேகத்தையே முதல் வாக்கியமாகச் சொல்லித் தொடங்குங்கள்.

கேள்வி: வருவது அவர் பதிலா, என் மனமே பேசுகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

உடனே கண்டுபிடிக்க முடியாது. தோன்றியதைத் தேதி போட்டு எழுதிவைத்து, சில நாள் ஆறப்போட்டு மறுபடி படியுங்கள். பரபரப்பு அடங்கிய பிறகும் நிற்கிறதா? நீங்கள் ஏற்கெனவே ஆசைப்பட்டதையே அப்படியே ஒப்புவிக்கிறதா? அப்படியென்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். வேலை, திருமணம், பணம் போன்ற பெரிய முடிவென்றால் உங்களுக்குத் தலையாட்டாத ஒரு பெரியவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். உங்களையோ பிறரையோ வருத்தச் சொல்லும் குரல் காதில் விழுந்தால், மருத்துவரிடம் போங்கள்; தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: சில மாதமாக ஒன்றுமே உணர முடியவில்லை. விட்டுவிடலாமா?

முதலில் தூக்கம், உடல்நலம், சமீபத்திய இழப்பு மூன்றையும் பாருங்கள். வறட்சி பல சமயம் அங்கேதான் ஆரம்பிக்கும். அவை காரணமில்லை என்றால், 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய துறவி இஞ்ஞாசியார் சொன்ன யோசனை இன்றும் உதவும்: வறண்ட காலத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே, குறித்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இரு. பத்து நிமிடம் என்றால் பதினொன்று. சொந்த வார்த்தை வராவிட்டால், தெரிந்த பாடலில் ஒரே ஒரு வரியை மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். உணர்ச்சியை வரவழைக்க முயல வேண்டாம். பழைய நண்பர்களும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதுண்டு.

கேள்வி: இரவில் செய்தால் தூங்கிவிடுகிறேன்.

படுக்கையில் செய்யாதீர்கள். சாப்பிட்ட கையோடும் வேண்டாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். அப்படியும் கண் சொருகினால், பத்து நிமிடத்தைக் காலைக்கு மாற்றிவிட்டு, இரவில் இரண்டே கேள்வி: இன்று எங்கே அவர் நினைவு வந்தது, எங்கே அறவே மறந்துபோனது? இரண்டு நிமிடத்துக்குமேல் ஆகாது.