ஆறு கொண்டுபோய்விடும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் அம்பாசமுத்திரம் பக்கத்தைச் சேர்ந்தவன். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக நாங்கள் பதினான்கு பேர் ஞாயிறுதோறும் தாமிரபரணிப் படித்துறைகளைச் சுத்தம் செய்துவருகிறோம். பாபநாசத்தில் பரிகாரத்துக்காகக் குளிப்பவர்கள் விட்டுச்செல்லும் துணிகளைத்தான் அதிகம் எடுக்கிறோம். இந்த வாரம் இருபது சாக்கு எடுத்தால் அடுத்த வாரம் மறுபடி இருபது சாக்கு. படித்துறையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். புகைப்படம் எடுத்துப் போடுவதற்காகச் செய்கிறோம் என்று சிலர் பேசுகிறார்கள். இந்த மக்களைத் திருத்தவே முடியாது என்று தோன்றுகிறது. அறக்கட்டளையாகப் பதிவு செய்தால் மதிப்பு வருமா? ஆற்றைப் பற்றி எதைப் படிக்கலாம்? இதனால் உண்மையிலேயே பயன் உண்டா, நிறுத்திவிடலாமா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

இப்படிப்பட்ட கடிதங்களுக்குத் தனியாக நாலு வரி எழுதி அனுப்பிவிடுவதுதான் என் வழக்கம். உங்கள் கடிதத்தை வெளியிட்டுப் பதில் எழுதுவதற்குக் காரணம் பாபநாசத்துத் துணிகள். ஒரு மாதமாக அந்தத் துணிகளைத் தவிர வேறு நினைப்பே எனக்கு ஓடவில்லை.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். அறக்கட்டளை இப்போது வேண்டாம். தலைவர் யார், பொருளாளர் யார் என்று பேச ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போய்விடும். புகைப்படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஆற்றுக்கு ஒன்றுதான். சிரிக்கும் பெரியவர்களிடம் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? எந்த மடு எவ்வளவு ஆழம், எந்தத் துறையில் சுழல் இருக்கிறது, எந்த மாதத்தில் எந்த மீன் ஏறி வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு முடித்த பிறகு புத்தகத்துக்குப் போகலாம்.

நான் கடைமடைக்காரன். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, வடகால் பாசனத்தில் இருக்கிறது எங்கள் ஊர். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது தாத்தா இறந்துபோனார். பாபநாசம் போய் ஒரு முழுக்குப் போட்டால்தான் மனம் ஆறும் என்று பெரியப்பா சொன்னார். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். குளித்துக் கரையேறியதும், உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார்கள். நான் போட்டிருந்தது தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டை. விட மனம் வரவில்லை. அம்மாதான் கழற்றி வாங்கி ஆற்றில் போட்டாள். முதுகுப் பக்கம் காற்றுப் புகுந்து உப்பி, கைகள் இரண்டும் விரிந்து, யாரோ குப்புற நீந்திப் போவதைப் போல அது போயிற்று. திரும்பிப் பார்க்கக் கூடாது என்றதை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எங்கேம்மா போகும்?"

"ஆறு கொண்டுபோய்விடும்."

"எங்கே கொண்டுபோகும்?"

"கீழே."

"கீழே நம் ஊர்தானே இருக்கிறது?"

அம்மா பதில் சொல்லவில்லை. பெரியப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

ஊருக்கு வந்தபின் பல நாள் கரையில் நின்று சட்டை வருகிறதா என்று பார்த்திருக்கிறேன். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகளையும் தாண்டி ஒரு சட்டை வந்து சேராது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. எங்கேயோ ஒரு பாறையில் சுற்றிக்கொண்டு அது நின்றிருக்க வேண்டும்.

போன மாதம் மறுபடி பாபநாசம் போயிருந்தேன். சில இளைஞர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் குழுவாகவே இருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை. நானும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினேன். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சேலையின் முந்தானை மட்டும் வெளியே தெரிந்தது. பிடித்து இழுத்தேன். ஒரு முழம் வந்தது, அப்புறம் அசையவில்லை. மணலைக் கையால் தோண்டினேன். அந்தச் சேலைக்குள் இன்னொரு சேலை, அதைச் சுற்றி ஒரு சுடிதார், அதற்கும் அடியில் ஒரு குழந்தையின் கவுன், எல்லாம் திரித்த வடம்போல் முறுக்கிக்கொண்டு கிடந்தன. ஈர மணல் ஏறிக் கல்லாகக் கனத்தது. மூன்று பேர் சேர்ந்து இழுத்தபோதுதான் வந்தது. அது கிடந்த பள்ளத்திலிருந்து கன்னங்கரேலென்று சேறு கலங்கி மேலே வந்தது. அழுகிய முட்டை நாற்றம். துணி போர்த்திய இடத்துக்குள் ஓடும் தண்ணீர் புகுவதில்லை. காற்று இல்லாமல் அடிமணல் அழுகிவிடுகிறது. சேலையின் ஜரிகை மட்டும் கடையில் பார்த்ததைப் போல் மின்னிக்கொண்டிருந்தது.

தாத்தா கட்டியிருந்தது பருத்தி வேட்டி. அது ஆற்றில் கிடந்தால் கொஞ்ச காலத்தில் மக்கிப் போகும். இன்றைக்கு விடுகிற பாலியெஸ்டர் மக்குவதில்லை. நைந்து இழை இழையாகப் பிரிந்து தண்ணீரோடு போகிறது. முன்னோர் செய்ததைத்தான் செய்கிறோம் என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். முன்னோர் விட்ட துணி வேறு, நாம் விடுகிற துணி வேறு.

ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா தம்பி? குப்பை எடுக்கும்போது அல்ல, சும்மா உட்கார்ந்து, மெதுவாக. மேலே பாசி, அதை மேயும் மீன்கள். அடியில் தட்டானின் குஞ்சுகள். தட்டான் வானத்துப் பூச்சி என்று நினைக்கிறோம், அதன் இளம்பருவம் முழுக்கத் தண்ணீருக்குள்தான். இந்த ஆற்றின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய ஒரு மீன் இருக்கிறது: டாகின்சியா தாம்பரபர்ணியை. ஆண்மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக இழைகள் நீண்டிருக்கும். இரண்டு ஆண்டுகளாக ஆற்றுக்குள் இறங்குகிறீர்கள். இவற்றைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. சாக்குக் கணக்கு மட்டும் இருக்கிறது. எனக்கு அது வருத்தமாக இருந்தது. எடுத்த குப்பையை எண்ணத் தெரிந்தவருக்கு, எதற்காக எடுக்கிறோமோ அதையும் எண்ணத் தெரிய வேண்டாமா?

எண்ணுவதற்கு வழியும் உண்டு. அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011இலிருந்து ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகிறது. தன்னார்வலர்கள் கூட்டமாக வருகிறார்கள். போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் திருப்புடைமருதூர் இருக்கிறது, கடனாநதி தாமிரபரணியோடு கூடும் இடம். கோயில் வளாகத்து மரங்களில் கூடுகட்டும் பறவைகளை அந்த ஊர்க்காரர்களே காத்துவந்தார்கள். 2005இல் அந்த இடம் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவிக்கப்பட்டது. பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. பயன் உண்டா என்று கேட்கிற யாரும் அங்கே ஒரு மாலை நேரத்தில் போய் நிற்கலாம். ஆற்று மணல் அள்ளுவதை எதிர்த்து வழக்குத் தொடுத்து, தாமே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வாதாடி, 2010இல் தடை வாங்கியபோது கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணுவுக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. நீங்கள் இருபதுகளில் இருந்துகொண்டு நிறுத்திவிடலாமா என்கிறீர்கள்.

இனி எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். "இந்த மக்களைத் திருத்தவே முடியாது." யார் அந்த மக்கள்? அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்து, யாரோ சொன்னதைக் கேட்டு ஈரத் துணியை ஆற்றில் விடுகிற பெண்ணா? அவளிடம் கத்தாதீர்கள். அவளிடம் அந்த நேரத்தில் யாரும் கத்தக் கூடாது. படித்துறையின் மேல்படியில் ஒரு பெரிய கூடையை வைத்துப் பக்கத்தில் நில்லுங்கள். "இதில் விடுங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். பத்துப் பேரில் ஏழு பேர் கூடையில் போடுவார்கள் என்பது என் நம்பிக்கை. என் அம்மா போட்டிருப்பாள்.

அவர்களை விடுங்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

கேலிக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டித்தான் கேட்கிறேன். தெருச் சாக்கடைக்கு என்பீர்கள். சாக்கடை எங்கே போகிறது? வாய்க்காலுக்கு. வாய்க்கால்? குளத்துக்கோ ஆற்றுக்கோ. குளியலறைத் தண்ணீர், துணி துவைத்த சோப்புத் தண்ணீர், கழிப்பறைத் தொட்டி நிரம்பி வழிவது என எல்லாவற்றையும் ஒரு குழாயில் விட்டு, கண்ணுக்குத் தெரியாமல் போனதும் போய்விட்டதென்று இருந்துவிடுகிறோம். பாபநாசத்தில் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறவர் வருஷத்தில் ஒரு நாள் அப்படிச் செய்கிறார். நாம் தினமும் இரண்டு வேளை செய்கிறோம். அம்பாசமுத்திரத்திலும் செய்கிறோம், திருநெல்வேலியிலும் செய்கிறோம், எங்கள் ஊரிலும் செய்கிறோம். துணியையாவது கையால் எடுத்துச் சாக்கில் போடலாம். சாக்கடையை எந்தச் சாக்கில் போடுவீர்கள்?

அந்தத் தண்ணீரில் இருக்கும் கழிவு சிதைவதற்கு ஆற்றிலிருக்கும் ஆக்சிஜன் செலவாகிறது. சோப்பும் மலமும் உரமாகி அமலைச்செடியை, அதாவது ஆகாயத்தாமரையை, வளர்க்கின்றன. அணைக்கட்டுக்கு மேலே தண்ணீர் தேங்கும் இடத்தில் அமலை பச்சைப் பாய் விரித்தாற்போல் மூடிக்கொள்கிறது. இரவெல்லாம் நீருக்குள் எல்லா உயிர்களும் மூச்சை எடுத்துக்கொண்டே இருக்க, விடிகிற நேரத்தில் மீனுக்கு மூச்சு மிஞ்சுவதில்லை. அதிகாலை ஐந்தரை மணிக்கு அப்படிப்பட்ட ஓர் இடத்தில் நின்று பார்த்தேன். விரல் நீள மீன்கள் நூற்றுக்கணக்கில் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஓர் ஓசையும் இல்லை.

காவிரிக்காரர்கள் கர்நாடகத்தைச் சொல்லலாம். பாலாற்றுக்காரர்கள் ஆந்திரத்தைச் சொல்லலாம். நமக்குக் கைநீட்ட ஆளில்லை. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும்வரை இந்த ஆறு தமிழ்நாட்டைத் தாண்டுவதே இல்லை. ஏறத்தாழ 125 கிலோமீட்டர், அவ்வளவும் நம் ஊர்கள், நம் சாக்கடைகள். மேலே இருக்கிற உங்களைக் குறைசொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு எண்ணூறு பேர் சிக்கிக்கொண்டார்கள். வெள்ளம் வடிந்தபின் எங்கள் ஊர்க் கரையில் உடைமரங்களில் ஆள் உயரத்துக்குத் துணியும் பாலிதீனும் தொங்கின. ஒரு பையை இழுத்து மண்ணைத் துடைத்துப் பார்த்தேன். உங்கள் பக்கத்து ஊரில் இருக்கும் ஒரு துணிக்கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் அழியாமல் இருந்தன. அன்றைக்குத் தலையில் விழுந்த குட்டு மறுபடி வலித்தது. அம்மா உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பையைக் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன்.

அந்தப் பை இன்னும் என் மேசைக்குள் இருக்கிறது. மேலே இருப்பவர்களைத் திட்டும்போதெல்லாம் எடுத்து எடுத்துப் பார்ப்பேன். பாபநாசத்திலிருந்து திரும்பிய மறுநாள்தான், என் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று இத்தனை வயதில் ஒரு தடவையும் பார்த்ததில்லையே என்று உறைத்தது. காலையில் கிளம்பி அதன் பின்னாலேயே நடந்தேன். தெரு ஓடை, பள்ளிக்கூடத்துப் பின்புறம், வாழைத்தோட்டத்து வேலி ஓரம், அங்கிருந்து ஒரு சிமெண்டுக் குழாய் வழியாக வாய்க்கால். வாய்க்காலோடு முக்கால் மணி நேரம் நடந்தால் குளம். மடையை ஒட்டி நாலைந்து பிள்ளைகள் குதித்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். கழற்றிய சட்டைகளைக் கரையில் ஒரு கல்லின் மேல் மடித்து வைத்திருந்தார்கள். காற்றில் பறக்காமலிருக்க மேலே இன்னொரு கல்.

நிறுத்த வேண்டாம் தம்பி. ஒரே ஒரு ஞாயிறு மட்டும் சாக்கை வீட்டில் வைத்துவிட்டு, பதினான்கு பேரும் அவரவர் சமையலறையிலிருந்து புறப்பட்டு நடந்து பாருங்கள். எங்கே போய் முடிகிறது என்று எனக்கு எழுதுங்கள். அதையும் வெளியிடுகிறேன். நான் கொல்லையில் உறிஞ்சுகுழி வெட்ட ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார்.