ட்ரோன் பறந்தால் சிக்னல் நெரிசல் தீருமா?

கூட்டம் கூடும் இடங்களில் போன் படுத்துவிடுவது பற்றித் திருகோணமலை வாசகர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் டவர் வேலையில் ஊறிய நம்ம ஆள்.

கேள்வி (உவர்மலை): அண்ணா, கோணேசர் கோவில் திருவிழாவில் நாலு கோடும் முழுசாக நிற்கிறது, வட்ஸ்அப்பில் ஒரு படம் போகுதில்லையே?

பதில்: டவரின் அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதைத்தான் கோடு காட்டும், தம்பி. எத்தனை பேர் பங்கு கேட்கிறார்கள் என்பதைக் காட்டாது. பந்தியில் ஆயிரம் பேர், சாம்பார் வாளி ஒன்று. அதில் பாதிப் பேர் பூசையை நேரலையில் விட்டால் வாளி காலிதானே.

கேள்வி (நிலாவெளி): அப்போ ட்ரோனில் ஒரு டவரைக் கட்டிப் பறக்கவிட்டால் சரியா?

பதில்: 2017இல் மரியா புயலுக்குப் பிறகு புவேர்ட்டோ ரிக்கோவில் ஏடி அன்ட் டி என்ற அமெரிக்க போன் கம்பனி அப்படிச் செய்தது. தரையிலிருந்து கேபிள் கட்டி, சுமார் 200 அடி உயரத்தில் நிறுத்தினார்கள். கேபிள் இல்லாத சாதாரண ட்ரோனின் பற்றரி அரை மணித்தியாலம் தாங்குவதே பெரிய விஷயம்.

ஆனால் அங்கே சிக்னலே இல்லை. இங்கே பிரச்சினை நெரிசல். உயரப் போகப் போகப் பக்கத்து டவர்களின் எல்லைக்குள்ளும் அதன் அலை விழும், ஒன்றையொன்று குழப்பும். நெரிசலுக்குத் தாழப் பறந்து, கூட்டத்தை மட்டும் பார்க்கிற அன்டெனாதான் உதவும். அடுத்தது, ட்ரோன் வாங்கும் டேட்டா எங்கே போகும்? ஏற்கெனவே திணறும் அதே டவருக்கே திருப்பி அனுப்பினால் பிரயோசனம் குறைவு. தனியாக ஒரு பைபர் இணைப்போ மைக்ரோவேவ் இணைப்போ வேண்டும். ட்ரோன் விற்க வருபவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

கேள்வி (உப்புவெளி): அனுமதி கிடைக்குமா ஐயா?

பதில்: கோவில் இருப்பதே பிரட்றிக் கோட்டைக்குள், அங்கே இராணுவம். துறைமுகத்தில் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோனுக்குத் தடை போட்டதும் நினைவிருக்கும். அலைவரிசைக்கு வேறு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் போக வேண்டும். என்னைக் கேட்டால், லொறியில் ஏற்றிய நடமாடும் டவரே நமக்குத் தோது.

கேள்வி (குச்சவெளி): புரெவி மாதிரிப் புயல் வந்தால்?

பதில்: 2020 டிசம்பர் 2 இரவு அடித்த காற்றில் எந்த ட்ரோனும் நிற்காது. காற்று ஓய்ந்த பிறகு, டவர் விழுந்த இடத்தில் ஏற்றலாம். ட்ரோனுக்கு அதுதான் சரியான வேலை.

கேள்வி (உவர்மலை): வானத்திலிருந்து இணையம் தர கூகிள் விட்ட பலூன் என்னாச்சு?

பதில்: 2021இல் அந்த லூன் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

கேள்வி (நிலாவெளி): சரி, இந்த முறை திருவிழாவுக்கு என்ன செய்ய?

பதில்: வீடியோவை வீட்டுக்கு வந்து போடுங்கள். பிள்ளையைத் தேடுகிறீர்கள் என்றால் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். டேட்டா திணறும்போதும் அது பெரும்பாலும் போய்ச் சேரும்.