பரண்ல கெடக்கற கடன் நோட்டு

அண்ணே, குடியாத்தத்துல எங்க தாத்தா ஆரம்பிச்ச மளிகைக் கடையை போன ஆடியோட மூடிட்டோம். கடையோட கதையை எழுதி வைக்கலாம்னு பாத்தா ஆரம்பிச்ச வருஷமே யாருக்கும் தெரியல. நைனா வெள்ளக்காரன் காலம்ங்கறார், அத்தை இல்ல, காமராஜர் இங்க எலெக்‌ஷன்ல நின்னப்போங்கறாங்க. லைசென்ஸ் பேப்பர்லாம் போயிடுச்சு. பரண்ல பழைய கடன் நோட்டு ஒரு மூட்டை இருக்கு, எடைக்குப் போட்டுரலாமா?
– ஒரு வாசகர்

தம்பி,

போட்டுடாதப்பா. நீ தேடற கதை அந்த மூட்டைலதான் கீது.

முதல்ல வருஷம். காமராஜர் முதலமைச்சர் ஆனப்புறம் உங்க ஊர்ல இடைத்தேர்தல்ல நின்னது 1954, ஆக நைனாவுக்கும் அத்தைக்கும் நடுவுல ஏழெட்டு வருஷ சண்டைதான். நோட்டுல தமிழ் வருஷப் பேரு போட்டிருப்பாங்க, சர்வஜித்துன்னு இருந்தா 1947-48, நைனா ஜெயிச்சாரு. பேரு அழிஞ்சிருந்தா காசைப் பாரு, 1957 ஏப்ரல் 1-லதான் நயா பைசா வந்தது, அதுக்கு முன்னாடி ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. அதுக்கப்புறமும் கொஞ்ச வருஷம் ரெண்டும் கலந்துதான் ஓடுச்சு, அதனால அணாவைப் பாத்ததும் முடிவு கட்டிடாத, எந்தப் பக்கத்துலேருந்து நயா பைசா எட்டிப் பாக்குதுன்னு பாரு. புளி, மிளகா எல்லாம் வீசை, பலத்துல இருந்தா கிலோ வர்றதுக்கு முந்தின காலம் (வீசை இன்னிக்கு கணக்குல 1.4 கிலோ). கால் பங்குங்கறதுக்கு 'வ' மாதிரி ஒரு எழுத்து இருக்கும், அதைப் போயி வரவுன்னு படிச்சிடாத.

ஆனா வருஷம் கெடச்சா மட்டும் இன்னா ஆகப்போவுது? கையில பத்து ரூபாயோட வந்தார், உழைச்சார், உயர்ந்தார்னு எழுதற கடை வரலாறு எனக்கு ரெண்டாவது பாராவுலயே கொட்டாவி வரும். உங்க ஊரு லுங்கி நெய்யற ஊரு, பீடி சுத்தற ஊரு, கூலி வாரத்துக்கு ஒரு தபா கைக்கு வர்ற வீடுங்க நெறைய, நடுவுல அடுப்பு எரியணும்னா மளிகைக்காரர் நோட்டுதான். யாரு பேருல எந்தக் கெழமை வரவு விழுது, எந்த மாசத்துல பற்று மட்டும் ஏறிக்கிட்டே போவுது, வைகாசி ஒண்ணு கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் வெல்லமும் எண்ணெயும் எவ்ளோ போயிருக்கு, இதையெல்லாம் கோத்தா தறி ஓடின மாசமும் ஓடாத மாசமும் தனியா தெரிஞ்சிடும். வரவே விழாத பேருங்களும் இருக்கும், அதுக்கப்புறமும் உங்க தாத்தா அந்த வீட்டுக்கு சாமான் குடுத்தாரா, நிறுத்திட்டாரான்னு பாரு, அவரு எப்படிப்பட்ட மனுஷன்னு அங்க தெரியும்.

ஒண்ணு மட்டும், கடன்காரங்க பேரை அப்படியே எழுதிடாத. அவங்க பேரப்பசங்க இன்னும் அதே தெருவுல இருப்பாங்க.

ராமபாணப் பூச்சி அரிக்கறதுக்கு முன்னாடி பக்கம் பக்கமா போன்ல போட்டோ எடுத்துடு. பழைய எழுத்தைப் படிக்க அத்தையைக் கூட வச்சுக்கோ, நைனா வேணாம், அவரு சர்வஜித்துன்னு இல்லாத எடத்துலயும் படிப்பாரு.