எந்தப் படி?

கேள்வி: எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குச் சம்பளம் போதாதென்று தினப்படி, பயணப்படி, தொகுதிப்படி என்று எத்தனை படிகள்! இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? யாரிடம் கணக்குக் காட்டுகிறார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: படி என்று எழுதினீர்கள் பாருங்கள், அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். எங்கள் பாட்டி வீட்டில் ஒரு இரும்புப் படி இருந்தது. விளிம்பு தேய்ந்து, அடியில் முத்திரை குத்தியது. அறுப்பு முடிந்து களத்தில் கூலி நெல் அளக்கும்போது, முதல் படிக்கு 'ஒண்ணு' என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. பாட்டி அளப்பார். கூலிக்கு நிற்கும் பெண்கள், தலைதட்டி அளக்கிறாரா, குவித்து அளக்கிறாரா என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாராவது தப்பு எண்ணினால் உடனே சத்தம் வரும். அளப்பவர் ஒருவர், வாங்குபவர் இன்னொருவர், நடுவில் எல்லோர் கண்ணும் இருந்தது. அந்தக் களத்தில் இருந்த ஒழுங்கு நம் சட்டசபையில் இல்லை என்பதுதான் என் பல வருட ஆத்திரம்.

அரசியல் சட்டத்தின் 106ஆவது பிரிவைப் பாருங்கள். எம்.பி.க்களின் சம்பளத்தையும் படிகளையும் நாடாளுமன்றமே சட்டம் போட்டு முடிவு செய்யலாம். 195ஆவது பிரிவு அதே உரிமையைச் சட்டசபைகளுக்குக் கொடுக்கிறது. வாங்குகிறவர் கையிலேயே படியைக் கொடுத்துவிட்டோம். 2017 ஜூலையில் தமிழக எம்.எல்.ஏ.க்கள் மாதம் வாங்குவது 55 ஆயிரத்திலிருந்து 1,05,000 ரூபாய் ஆகும் என்று சபையில் அறிவித்தார்கள். அந்த நாட்களில் நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஜனவரியில் அதற்கான மசோதா வந்தபோது பஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அதே மாதம் பஸ் கட்டணமும் ஏறியது.

சம்பளமே கூடாது என்பது என் வாதம் இல்லை. சம்பளம் இல்லையென்றால் சொத்துள்ளவர் மட்டும்தான் சபைக்கு வர முடியும். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை எம்.எல்.ஏ. ஆக வேண்டுமென்றால் கௌரவமான சம்பளம் வேண்டும். 2025 மார்ச்சில் எம்.பி. சம்பளத்தை 1,24,000 ரூபாயாக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரலிலிருந்தே கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். விலைவாசி ஏறுகிறது, ஏற்றிக்கொள்ளட்டும். என்னைக் குடைவது வேறு. ஒரு எம்.பி.க்கு ஆண்டுக்கு 50,000 யூனிட் மின்சாரம் இலவசம். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட், அதாவது ஆண்டுக்கு 600. எண்பத்து மூன்று வீடுகளுக்குக் கொடுப்பதை ஒருவருக்குக் கொடுக்கிறோம். தண்ணீர் ஆண்டுக்கு 40 லட்சம் லிட்டர். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 11 ஆயிரம் லிட்டர். சென்னையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், அது ஏறக்குறைய ஒரு பெரிய லாரித் தண்ணீர். இந்த அளவை யார், எந்தக் களத்தில், யார் பார்க்க அளந்தார்கள்?

இதைச் சொன்னால் 'சபையின் உரிமை' என்பார்கள். சபையை அவமதித்ததாகச் சொல்லி ஆளைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரத்துக்கும் அதே பெயர்தான். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு 1987 ஞாபகம் வரும். எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் கிண்டல் செய்து அட்டையில் ஒரு ஜோக் போட்டதற்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனை நம் சட்டசபை மூன்று மாதச் சிறைக்கு அனுப்பியது. ஊரே கொதித்ததும் சில நாட்களில் விட்டுவிட்டார்கள். 2003 நவம்பரில் 'தி இந்து'வின் ஆசிரியர் குழுவினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்று தீர்மானம் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் தடுத்தது. எது உரிமை மீறல், எது இல்லை என்று இன்றுவரை சட்டமாகத் தொகுத்து எழுதி வைக்கவில்லை. எழுதினால் எல்லை வந்துவிடும். பத்திரிகைக்காரன் பேனாவை எடுக்கும்போதே பயப்பட வேண்டும் என்பதற்காகத்தான் எழுதாமல் வைத்திருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த உரிமைகளை நாம் எங்கிருந்து எடுத்தோம்? பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான காமன்ஸ் சபையிலிருந்து. சரி, அங்கே 2009இல் நடந்ததையும் எடுத்துக்கொள்வோமே! எம்.பி.க்கள் செலவுக் கணக்கைக் காட்டுங்கள் என்று அந்நாட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார்கள். சபை கோர்ட்டு வரை போய்ச் சண்டை போட்டுத் தோற்றது. அதற்குள் ரசீதுகள் கசிந்து, பத்திரிகையில் தினம் தினம் வந்தன. ஒரு எம்.பி. வாத்துகளுக்குக் குளத்தில் மிதக்கும் வீடு வாங்கி 1,645 பவுண்டுக்குப் பில் நீட்டியிருந்தார். பிறகு சபையே வெளியிட்ட பக்கங்கள், பல இடங்களில் கறுப்பு மை பூசி வந்தன. இந்த அமளியில் சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலக வேண்டி வந்தது. 300 ஆண்டுகளில் அப்படி வெளியேற்றப்பட்ட முதல் சபாநாயகர் அவர். சில எம்.பி.க்கள் ஜெயிலுக்குப் போனார்கள். எம்.பி.க்கள் கையிலிருந்த படியைப் பிடுங்கி, தனியாக ஒரு அமைப்பிடம் கொடுத்தார்கள். சம்பளத்தை முடிவு செய்வதும் அதுதான், செலவுக் கணக்கை வெளியிடுவதும் அதுதான்.

படிக்கு நகல் என்றும் ஒரு பொருள் உண்டு. 'உண்மைப் படி' என்று பத்திரத்தில் எழுதுகிறோமே, அந்தப் படி. அதற்காக 1996இல் ராஜஸ்தானின் பியாவர் ஊரில் கிராமத்து ஜனங்கள் 40 நாள் தெருவில் உட்கார்ந்தார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு அவர்களுடையது. பஞ்சாயத்து வேலைக் கணக்கின் நகலைக் காசு வாங்கிக்கொண்டு கொடுப்போம் என்று முதலமைச்சர் முந்தைய ஆண்டே சட்டசபையில் சொல்லியிருந்தார். கொடுக்கவில்லை. 'ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்', எங்கள் காசு, எங்கள் கணக்கு என்று அவர்கள் கத்தினார்கள். அதற்கு முன்பே ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, கூலிப் பட்டியலை உரக்கப் படித்துக் காட்டியவர்கள் அவர்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி போயிருப்பது அப்படிப் படித்தபோதுதான் வெளியே வந்தது. 2005இல் நமக்குக் கிடைத்த தகவல் உரிமைச் சட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சட்டத்தைக் கட்சிகள் எப்படி மதித்தன? அன்றைய ஆறு தேசியக் கட்சிகளும் இதற்குக் கட்டுப்பட்டவை என்று மத்திய தகவல் ஆணையம் 2013 ஜூனில் சொன்னது. ஒரு கட்சியும் கீழ்ப்படியவில்லை. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வந்த தேர்தல் பத்திரத்தில், யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதை 2024இல் உச்ச நீதிமன்றம் அதட்டித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பத்திரங்களை விற்ற ஸ்டேட் பாங்க் ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் ஒரே நாள்தான் கொடுத்தது. வாங்கியவர் பட்டியலையும் பெற்ற கட்சிகள் பட்டியலையும் கொடுத்துவிட்டார்கள்! ஜூன் வரை ஆகும் என்று சொன்ன வேலை, மறுபடியும் ஒருமுறை அதட்டியதும் அந்த மார்ச்சிலேயே முடிந்ததே, அதை நான் மறக்கவே மாட்டேன்.

நானும் ஒருமுறை தகவல் கேட்டேன். எங்கள் தெருமுனையில் எம்.எல்.ஏ. நிதியில் கட்டிய நிழற்குடை இருக்கிறது. அதில் பெயர் ஆளுயரத்துக்கு இருந்தது, மதிப்பீட்டுத் தொகை எழுதிய இடம் மட்டும் சுரண்டிக் கிடந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டேன். பதில் வரவில்லை. மேல்முறையீடு செய்த பிறகு மூன்று பக்கம் வந்தது. தொகை இருக்க வேண்டிய பக்கம் வெள்ளையாக, ஓரத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் நீலமாகத் தெரிந்தது. மறுபடியும் எழுதினேன். நாலாவது மாதம் தெளிவான நகல் வந்தது. அதை எடுத்துப்போய் டீக்கடையில் வாய்விட்டுப் படித்தேன். கேட்டுக்கொண்டிருந்த கொத்தனார் ஒருவர் எழுந்துபோய், நிழற்குடையின் தூணை முழம் போட்டு அளந்துவிட்டு வந்தார்.

உங்கள் தெருவிலும் ஒரு நிழற்குடையோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கும். மனுவைப் போடுங்கள். பதில் வந்ததும் ஒரு படி எனக்கு அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே அச்சிடுகிறேன்.