பூங்காவில் பீரும் புஸ்வாணமும்

கேள்வி: கடையில் பீர் விற்பதும் சட்டப்படி சரி, வாங்குவதும் சரி. அதையே பூங்காவில் ஒரு மரத்தடியில் யாருக்கும் தொந்தரவில்லாமல் உட்கார்ந்து குடித்தால் மட்டும் ஏன் அபராதம்?

பதில்: எதை விற்கலாம் என்று சொல்லும் சட்டம் வேறு, எங்கே குடிக்கலாம் என்று சொல்லும் விதி வேறு. பெரும்பாலும் பூங்கா நகர நிர்வாகத்தின் இடம், அதற்குள் தனி விதி போட அதற்கு உரிமை உண்டு. யாருக்கும் தொந்தரவில்லை என்கிறீர்கள், சரி, ஆனால் இவர் அமைதியாகக் குடித்துவிட்டுப் போகிறவரா இன்னும் ஒரு மணி நேரத்தில் பாட்டிலைப் புல்லில் போட்டு உடைக்கப் போகிறவரா என்று ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று ஆராய எந்தக் காவலருக்கும் நேரமில்லை, அதனால்தான் சில நகரங்கள் குடிக்கிற எண்ணத்தோடு திறந்த பாட்டிலைக் கையில் வைத்திருந்தாலே குற்றம் என்று எழுதி வைத்திருக்கின்றன. நியூயார்க்கில் அப்படித்தான்.

சிங்கப்பூர் நேரத்தைப் பிடித்துக்கொண்டது. 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு 2015ல் வந்த சட்டப்படி, இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, பூங்காவும் அதில் அடக்கம். லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதியில் இன்னும் கெடுபிடி. இங்கிலாந்தில் வேறு மாதிரி: நகரசபை ஒரு பகுதிக்குக் கட்டுப்பாடு அறிவித்திருந்தாலும் அங்கே குடிப்பதே குற்றமாகிவிடாது, நிறுத்துங்கள், பாட்டிலைக் கொடுங்கள் என்று காவலரோ நகரசபை அதிகாரியோ சொன்ன பிறகும் மறுத்தால்தான் குற்றம். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. டொரண்டோ இன்னும் ஒரு படி இறங்கி வந்தது, 2023ல் சில பூங்காக்களில் சோதனையாகக் குடிக்க அனுமதித்து 2024ல் அதை நிரந்தரமாக்கியது. ஆனால் அங்கேயும் குறிப்பிட்ட பூங்காக்களில் மட்டும்தான். ஆகவே "அந்த ஊரில் குடிக்கலாமாமே" என்று யாரோ சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள். எந்தப் பூங்கா, எத்தனை மணிக்கு, அதிலும் எந்தப் பகுதி, இந்த மூன்றும் தெரிந்தால்தான் பதில்.

கேள்வி: பாட்டிலைக் காகிதப் பையில் சுற்றிக்கொண்டால் பிடிக்க முடியாதாமே?

பதில்: சினிமாவில் பார்த்திருப்பீர்கள். பை பாட்டிலை மறைக்கும், குற்றத்தை மறைக்காது. சொல்லப்போனால் பையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைத்தான் காவலர் முதலில் பார்ப்பார். ஆல்கஹால் இல்லாத பீர் என்றால் வேறு கதை, நியூயார்க் விதியே அரை சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதைத்தான் மது என்கிறது. அப்படியானால் லேபிள் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக் குடியுங்கள்.

கேள்வி: பிறந்தநாள் விருந்துக்காகப் பூங்காவின் கூடாரப் பகுதியைப் பதிவு செய்து, மது பரிமாறவும் அனுமதி வாங்கிவிட்டோம். இரவு பத்து நிமிடம் வாணவேடிக்கை வைக்க ஆசை. அந்த அனுமதியே போதுமா?

பதில்: போதாது. கூடாரப் பகுதியைப் பதிவு செய்தது உட்காருவதற்கு. மது அனுமதி, அதில் எழுதியிருக்கிற ஆட்களுக்கு, எழுதியிருக்கிற நேரத்தில், எழுதியிருக்கிற எல்லைக்குள் பரிமாறுவதற்கு. நெருப்பு மூன்றாவது சங்கதி. அதற்குப் பூங்கா நிர்வாகம் தலையாட்டினால் மட்டும் பெரும்பாலும் ஆகாது, தீயணைப்புத் துறையும் ஒப்புக்கொள்ள வேண்டும், சில ஊர்களில் காவல்துறையும்.

விண்ணப்பத்தில் என்ன கேட்பார்கள் என்றால், முதலில் கொளுத்தப் போவது யார் என்று. வானத்தில் விரிகிற பெரிய வாணங்களை உரிமம் பெற்ற தொழில்காரர்தான் கையாள வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. பிரிட்டனில் தொழில்காரர்களுக்கு மட்டுமான நான்காம் வகை வாணங்களைப் பொதுமக்களுக்கு விற்கவே கூடாது. அடுத்து வரைபடம்: கொளுத்தும் இடம், கூட்டம் நிற்கும் இடம், நடுவே எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் அடித்தால் எரிந்த காகிதமும் குச்சியும் எங்கே விழும். அப்புறம் காப்பீடு. பக்கத்து வீட்டுக் கூரை எரிந்தால் பணம் கொடுக்கப் போவது யார் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாமல் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார், நானாக இருந்தாலும் போட மாட்டேன். கடைசியாகக் குப்பை, இதைத்தான் எல்லோரும் லேசாக நினைக்கிறார்கள். சிவப்பு நிறத்துக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு, எரியவைக்க பெர்குளோரேட் உப்புகள், இவற்றில் மிச்சம் மீதி புல்லிலும் பூங்காக் குளத்திலும்தான் போய்ச் சேரும். வெடிக்காமல் கிடக்கிற ஒன்றை மறுநாள் காலையில் ஒரு குழந்தை எடுத்துப் பார்க்கவும் கூடும்.

இவ்வளவும் செய்து கையில் அனுமதி வந்த பிறகும், வறண்ட காலத்தில் தீத்தடை அறிவித்தார்கள் என்றால் அந்த அனுமதி செல்லாது. பணம் திரும்ப வருமா என்று பதிவு செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மதுவும் வாணமும் ஒரே விருந்தில் என்றால் கொளுத்துகிறவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கக் கூடாது, அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடத்துக்கு இவ்வளவா என்று தோன்றினால், நகரமே நடத்துகிற வாணவேடிக்கை நாளில் விருந்தை வைத்துக்கொள்ளுங்கள், செலவே இல்லை.

கேள்வி: கம்பி மத்தாப்பு குழந்தைகள் சமாச்சாரம்தானே, அதற்குமா தடை? பறக்கும் காகித விளக்கு விடலாமா?

பதில்: பல இடங்களில் ஆமாம். பிரிட்டனில் தெருவிலோ பொது இடத்திலோ பட்டாசு கொளுத்தக் கூடாது என்கிற விதியில் மத்தாப்பும் சேர்ந்தே வருகிறது. நியூயார்க் மாநிலத்தின் பல பகுதிகளில் சில மத்தாப்பு வகைகளுக்கு அனுமதி உண்டு, ஆனால் நியூயார்க் நகரத்துக்குள் இன்றும் கூடாது. காரணம் இல்லாமல் இல்லை, எரிகிற மத்தாப்பின் நுனி சுமார் ஆயிரம் டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும், அணைந்த பிறகும் கம்பி கொஞ்ச நேரம் சுடும், அதைப் புல்லில் எறிந்தால் வெறுங்காலோடு ஓடுகிற அடுத்த குழந்தை மிதிக்கும். அனுமதி உள்ள இடமாக இருந்தால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, எரிந்த கம்பியை அதில் போடுங்கள். பறக்கும் காகித விளக்கையும் இதோடு சேர்த்துக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நெருப்பைப் பற்றவைத்து, எங்கே போய் இறங்கும் என்று தெரியாமல் காற்றில் விடுகிற வேலை அது.

கேள்வி: எங்கள் குடியிருப்புக்கு எதிர்ப் பூங்காவில் சிலர் குடித்துவிட்டு நள்ளிரவில் ராக்கெட் விடுகிறார்கள். யாரிடம் புகார் செய்வது? போய்க் கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: முதலில், போய்க் கேட்பதை நிறுத்துங்கள். போதையில் இருப்பவர், கையில் தீப்பெட்டி, நேரம் நள்ளிரவு, இதில் நியாயம் பேசி ஜெயிக்க முடியாது. ராக்கெட் மரத்திலோ வீட்டிலோ விழுந்து புகைந்தால் தீயணைப்புத் துறையின் அவசர எண். அப்படி இல்லாமல் சத்தமும் தகராறும் என்றால் காவல்துறை. தினமும் நடக்கிறது, பூங்கா வாசல் பூட்டப்படுவதே இல்லை என்றால் அது பூங்கா நிர்வாகத்தின் வேலை, அங்கே எழுத்தில் கொடுங்கள்.

புகாரில் "எப்போதும் தொல்லை" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். தேதி, மணி, பூங்காவின் எந்த மூலை, எத்தனை பேர் என்று எழுதுங்கள். மணி முக்கியம், ஏனென்றால் பெரும்பாலான விதிகள் கடிகாரத்தை வைத்துத்தான் இருக்கின்றன. பிரிட்டனில் சில பண்டிகை இரவுகள் தவிர இரவு 11 முதல் காலை 7 வரை வெடிக்கக் கூடாது. இந்தியாவில் 2018ல் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கே இரண்டு மணி நேரம்தான் கொடுத்தது. ஜெர்மனியில் சாதாரண மக்கள் சிறப்பு அனுமதியில்லாமல் ராக்கெட் விட டிசம்பர் 31, ஜனவரி 1 என்று இரண்டே நாள். உங்கள் நகர விதியில் உள்ள நேரத்தைப் பார்த்து, அதைத் தாண்டி நடந்தது என்று புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள். வீடியோ எடுப்பதானால் உங்கள் ஜன்னலிலிருந்து எடுங்கள், கீழே இறங்கிப் போக வேண்டாம். ஒரே குடியிருப்பிலிருந்து நான்கைந்து வீட்டுக்காரர்கள் தனித்தனியாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.