உபுண்டு போட்டும் விண்டோஸ்தான் வருகிறதா? ஃபார்மேட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: ஏசர் லேப்டாப்பில் விண்டோஸ் 11 பக்கத்திலேயே உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸையும் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போட்டேன். நிறுவல் முடிந்தது என்று வந்தது. ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் நேராக விண்டோஸ் திறக்கிறது, தேர்வு மெனுவே வரவில்லை. கடையில் கேட்டால் "பூட் செக்டர் போச்சு, மொத்தமாக ஃபார்மேட் செய்யணும், 1,500 ரூபாய்" என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். எதுவும் போகவில்லை. உங்கள் உபுண்டு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. லேப்டாப் அதைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். யூஇஎஃப்ஐ (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடி, ஓஎஸ்ஸைத் திறக்கும் மென்பொருள்) வந்த பிறகு பழைய பூட் செக்டர் கதையே இல்லை. டிஸ்க்கில் இஎஃப்ஐ என்று ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கும், பெரும்பாலும் 100 எம்பி. அதற்குள் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒன்று. எதை முதலில் திறப்பது என்ற வரிசை மதர்போர்டில் இருக்கிறது.

கை வைப்பதற்கு முன் ஒன்று. விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தப் பூட்டைத் திறக்கும் பிட்லாக்கர் ரெகவரி கீ, 48 இலக்கம், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பூட் அமைப்பை மாற்றியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். கீ இல்லாமல் கடைக்காரரிடம் கொடுத்தால், அவருக்கும் ஃபார்மேட் தவிர வழி இருக்காது.

மற்ற கம்பெனி லேப்டாப் என்றால் பயாஸில் (ஆன் செய்யும்போது நுழையும் அமைப்புப் பக்கம்) பூட் வரிசையில் உபுண்டுவை மேலே தள்ளினால் பெரும்பாலும் முடிந்தது. ஏசரில்தான் தலைவலி. அதன் பல மாடல்கள், நாம் 'நம்பகமானது' என்று கையால் காட்டிக்கொடுக்காத வரை உபுண்டுவைப் பட்டியலிலேயே சேர்க்காது. ஏன் இப்படி என்று கேட்காதீர்கள்.

ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். அப்போதுதான் முழுசாக அணையும். ஆன் செய்ததும் எஃப்2-ஐத் தட்டிக்கொண்டே இருங்கள். 'மெயின்' பக்கத்தில் 'எஃப்12 பூட் மெனு'வை எனேபிள் செய்யுங்கள். 'பூட்' பக்கத்தில் செக்யூர் பூட் (நம்பகமான ஃபைலை மட்டும் திறக்கவிடும் காவல்) எனேபிளில் இருக்கட்டும். அணைத்திருந்தால் அடுத்த படி மங்கலாகவே நிற்கும். 'செக்யூரிட்டி' பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வையுங்கள். அதை மறந்தால் சர்வீஸ் சென்டர்தான், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இப்போது 'செலக்ட் அன் யூஇஎஃப்ஐ ஃபைல்' என்று தொடங்கும் வரி உயிர் பெறும். உள்ளே எச்டிடி0, இஎஃப்ஐ, உபுண்டு என்று வரிசையாகப் போய் 'ஷிம்எக்ஸ்64' ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஒரு பெயர் கொடுங்கள். பக்கத்திலேயே 'கிரப்எக்ஸ்64' கண்ணைக் காட்டும். அது வேண்டாம். கிரப் என்பது எந்த ஓஎஸ் என்று கேட்கும் தேர்வு மெனு, ஷிம் என்பது செக்யூர் பூட் நம்பும் சின்ன ஃபைல். ஷிம் முன்னே நின்று அழைத்தால்தான் கிரப் ஒழுங்காக வரும். எஃப்10 கொடுத்து சேமித்து, திரும்ப எஃப்2-வில் நுழைந்து, நீங்கள் வைத்த பெயரை பூட் வரிசையில் முதலுக்குக் கொண்டுபோங்கள்.

அங்கே உபுண்டு ஃபோல்டரே இல்லையா? பென்டிரைவை லெகசி முறையில் (யூஇஎஃப்ஐக்கு முந்தைய பழைய பூட் முறை) திறந்து நிறுவியிருப்பீர்கள். பூட் மெனுவில் பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அதில் திறந்து மறுபடி நிறுவுங்கள். "லெகசிக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்: மாற்றினால் உங்கள் விண்டோஸ் 11-ம் திறக்காது, அதைக் காட்டியே ஃபார்மேட் பில் போடுவார்கள்.

கிரப் மெனு வந்து அதில் விண்டோஸ் மட்டும் காணோம் என்றால் பதறாதீர்கள். 2021-ல் வந்த கிரப் 2.06 முதல், பக்கத்து ஓஎஸ்ஸைத் தேடும் வேலை இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. எஃப்12-ல் விண்டோஸ் பூட் மேனேஜர் எப்போதும் இருக்கும்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் பழையபடி விண்டோஸே நேராகத் திறந்தால் வரிசையை மறுபடி மாற்றுங்கள். 2024 ஆகஸ்ட் அப்டேட் ஒன்று பழைய ஷிம்களைத் தடுத்ததில், இரண்டு ஓஎஸ் வைத்திருந்த பல கணினிகளில் 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்ற வரியோடு லினக்ஸ் நின்றுபோனது. அந்த வரி வந்தால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, உபுண்டுவில் எல்லா அப்டேட்டும் போட்டுவிட்டு, மறுபடி ஆன் செய்து பாருங்கள். இடையில் விண்டோஸைத் திறந்தால் அந்த 48 இலக்கம் தேவைப்படலாம்.